எங்கும் உள்ளவனுக்கு ஓர் ஊர் எதற்கு?

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால் அவனுக்கென்று தனியாக ஓர் ஊர் எதற்கு? அப்படி ஓர் ஊர் உண்டென்றால் மற்ற ஊர்களில் அவன் குறைந்து இருக்கிறானா? கோயில் கட்டி வழிபடும் எந்தச் சமயமும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு விரிவாகவும் துணிவாகவும் விடை தேடிய ஊர் ஸ்ரீரங்கம். வைணவர்கள் வேறு அடைமொழி இல்லாமல் 'கோயில்' என்றால் அது இந்த ஊர்தான். பன்னிரண்டு ஆழ்வார்களில் மதுரகவியாழ்வார் தவிர மற்ற 11 பேரும் இதைப் பாடியிருக்கிறார்கள். பாசுரங்களின் எண்ணிக்கை 247. விடையை ஆராயுமுன் ஊரின் நில அமைப்பைப் பார்த்துவிடுவது நல்லது. இங்கே தத்துவம் ஆற்று நீரிலிருந்தே உவமைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆறும் தீவும்

மேற்கிலிருந்து வரும் காவிரி, திருச்சிராப்பள்ளிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் முன்பாக, முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரோடே தொடர்கிறது. கல்லணைக்கு அருகில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் கிடக்கும் நீண்டு ஒடுங்கிய நிலமே ஸ்ரீரங்கம் தீவு. அதன் நடுப்பகுதியில் அரங்கநாதர் கோயிலும், சற்றுக் கிழக்கே திருவானைக்காவலில் ஜம்புகேசுவரர் கோயிலும் இருக்கின்றன. ஐம்பூதத் தலங்களில் நீருக்குரியது திருவானைக்காவல். கருவறையில் ஊற்று நீர் கசிந்துகொண்டே இருக்கும். கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம். காவிரிக்குத் தெற்கே உறையூரும் மலைக்கோட்டையும்.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. விட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கிவிடாமல் காத்து வயல்களுக்குத் திருப்புவது கல்லணையின் வேலை. அதைக் கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு நீர் குறைந்தபோது, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த அணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே வெள்ளத்தில் சரிந்தன. தலைமுறைதோறும் ஆற்றோடு மல்லுக்கட்டிக் காத்துக்கொள்ள வேண்டிய நிலம் இது.

காவிரி மேலும் இரண்டு இடங்களில் தீவு அமைத்து அரங்கநாதரை ஏந்தியிருக்கிறது: கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவனசமுத்திரமும். அவை ஆதிரங்கம், மத்தியரங்கம் என்றும், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்றும் சொல்லப்படுகின்றன.

மதிலுக்குள் ஊர்

கோயிலைச் சுற்றி ஊர் வளர்வது தமிழ்நாட்டில் வழக்கம். ஸ்ரீரங்கத்தில் ஊரே கோயிலுக்குள் இருக்கிறது. 156 ஏக்கர் பரப்பில் ஏழு மதில்கள், 21 கோபுரங்கள். உள் திருச்சுற்றுகள் வழிபாட்டுக்கு உரியவை. வெளிச்சுற்றுகளில் வீடு, கடை, மடம், பள்ளிக்கூடம், பூக்கட்டு, காப்பிக்கடை எல்லாம் உண்டு. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று தெருக்கள் சதுரம் சதுரமாகச் சுற்றுகின்றன. தைத்தேர் உத்தர வீதிகளில் ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். சித்திரைத் தேருக்குச் சுற்று வட்டாரக் கிராம மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து வீதிகளிலேயே தங்குவார்கள். தெற்கு வாசலில் பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற கோபுரம் 1987இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டு ராஜகோபுரமானது. கோயிலில் நடந்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

ஆட்சிக் கணக்கில் ஸ்ரீரங்கம் இப்போது திருச்சி மாநகரின் ஒரு பகுதி. 1994இல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதனுடன் இணைந்தன. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் சேர்க்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டபின் தீவுக்கும் நகருக்கும் இடையே போக்குவரத்து பெருகியது. மாநகரின் தென்பகுதியில் கே.கே. நகர் போன்ற குடியிருப்புகள் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அங்கே மனை பிரித்து, தெரு போட்டு, வீடு கட்டிக் குடியேறிய பிறகு மக்கள் தங்களுக்கு வேண்டிய கோயில்களைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கத்தில் வரிசை தலைகீழ்: சன்னிதி முதலில், அதைச் சுற்றித் தெரு, தெருவில் மனிதர். கே.கே. நகர்வாசி தன் தெருமுனைப் பிள்ளையாரை அன்றாடம் கும்பிட்டுவிட்டு, வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன் எழுந்து ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுகிறார். தெருமுனையில் இருக்கும் தெய்வம் தீவில் எதற்கு என்று அவரிடம் கேட்டால் பதில் சொல்லத் திணறலாம். பதில் சொல்லும் வேலையை அவருக்கு முன்பே சிலர் செய்து வைத்திருக்கிறார்கள்.

மறுப்புகள்

தலபுராணம் ஒரு கதையோடு தொடங்குகிறது. இராமன் தன் குலதனமான அரங்க விமானத்தை வீடணனுக்குக் கொடுத்தான். இலங்கைக்கு அதை எடுத்துச் சென்ற வீடணன் காவிரிக்கரையில் இறக்கி வைத்தான்; மறுபடி எடுக்க முயன்றபோது விமானம் அசையவில்லை. தர்மவர்மன் என்ற சோழன் அதற்குக் கோயில் எடுத்தான். வீடணனுக்காக இறைவன் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளி கொண்டான். தெய்வமே இந்த மணலைத் தேர்ந்துகொண்டது என்பது கதையின் சாரம்.

இதை ஏற்காதவர்கள் தமிழிலேயே பலர். நட்ட கல்லைச் சுற்றி வருவதால் என்ன பயன், இறைவன் உள்ளுக்குள் இருக்கும்போது கல் பேசுமா என்று சிவவாக்கியர் கேட்டார். திருச்சியில் வாழ்ந்த தாயுமானவர், எந்த எல்லைக்கும் அடங்காத பேரொளியாகவே பரம்பொருளைக் கண்டார். அத்வைதம் உருவ வழிபாட்டை மறுக்கவில்லை. ஆனால் அறிவு முதிரும்வரை தேவைப்படும் படி என்ற அளவிலேயே அதற்கு இடம் கொடுத்தது. இவை எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்புகள் அல்ல. அளவற்றதை ஓர் அறைக்குள் அடைப்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்பது நியாயமான சந்தேகம்.

இராமானுசரின் தத்துவத்தில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. உயிர்களும் உயிரற்றவையும் இறைவனுக்கு உடல். அவன் எல்லாவற்றுக்கும் உள்ளுயிர் என்பது விசிட்டாத்துவைதத்தின் அடிப்படை. அப்படியானால் உலகில் எந்த மண்ணாங்கட்டியும் அவன் உடலே. அதைச் சொன்ன அதே இராமானுசர்தான் இந்தக் கோயிலின் நிர்வாகத்தைச் சீர்திருத்தினார். மடைப்பள்ளி முதல் பூமாலை வரை யார் யாருக்கு என்ன கைங்கரியம் என்று வகுத்தார். திருநாடு அலங்கரித்த பின்னும் அவர் திருமேனி இங்கேயே வைக்கப்பட்டிருப்பதாக மரபு நம்புகிறது. உலகையே இறைவனின் உடலாகக் கண்டவர் ஓர் ஊரின் மடைப்பள்ளிக் கணக்கை ஏன் பார்க்க வேண்டும்?

மடு என்ற விடை

இதற்குத் தெளிவான விடையை 13-14ஆம் நூற்றாண்டுகளில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் தந்தார். இறைவனின் ஐந்து நிலைகளையும் அவர் தண்ணீரைக் கொண்டு விளக்கினார். உயிருக்குள் உறையும் அந்தர்யாமி நிலத்தடி நீர். இருப்பது உறுதி, ஆனால் தோண்டும் கருவியும் உடல் வலுவும் இல்லாதவனுக்கு அதனால் தாகம் தீராது. பரமபதத்தில் இருக்கும் பரநிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். வியூகம் பாற்கடல், கேள்விப்படலாம், போய்ச்சேர முடியாது. இராமன், கண்ணன் போன்ற அவதாரங்கள் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. அன்று கரையில் இருந்தவர்கள் குடித்தார்கள், பின்னால் வந்தவர்களுக்கு வறண்ட மணல்தான். கோயிலில் இருக்கும் அர்ச்சை, அந்த ஆறு வடிந்த பின்னும் அதில் தேங்கி நிற்கும் மடு.

காவிரிக்கரையில் வாழ்ந்தவருக்கே இப்படிச் சொல்லத் தோன்றும். ஆடியில் கரைபுரளும் ஆறு பங்குனியில் மணல்வெளி. அப்போது ஆற்றுக்குள் ஆங்காங்கே கிடக்கும் மடுவுக்குத்தான் ஆடுமாடு போகும், குடத்தோடு மனிதரும் போவார்கள்.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது, ஐந்தும் ஒரே தண்ணீர் என்பது. மடுவில் இருப்பது வேறு நீர் அன்று. குறைந்த நீரும் அன்று. அளவற்றதை அறைக்குள் அடைப்பது சிறுமை என்ற மறுப்புக்கு இதுவே பதில். ஊர் இறைவனுக்காக ஏற்பட்டதன்று. தாகம் எடுத்தவனுக்காக ஏற்பட்டது. இறைவனின் மேன்மையைவிட அவன் எளிமையை, எளிதில் கிட்டும் தன்மையை, இந்த மரபு உயர்த்திப் பேசுகிறது. அதற்குச் சௌலப்யம் என்று பெயர். குளிப்பாட்டினால் குளித்து, உடுத்தினால் உடுத்தி, பசிக்கு மனிதர் கையை எதிர்பார்த்து நிற்கும் தெய்வமே அர்ச்சை.

ஜீயபுரத்துக் கதையில் இந்தக் கொள்கை தயிர்சாதத்தின் வாசனையோடு வரும். காவிரிக்கரை கிராமமான ஜீயபுரத்தில் ஒரு கிழவியின் பேரன் பெயர் ரங்கன். முகம் மழித்துக்கொள்ளப் போனவன் நேரமாகியும் திரும்பவில்லை. கிழவி கலங்கி அரங்கனை அழைக்க, பெருமாளே பேரன் உருவில் வந்து அவள் போட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டாராம். பங்குனித் திருவிழாவில் உற்சவரான நம்பெருமாள் பல்லக்கில் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளும்போது இன்றும் தயிர்சாதமும் மாவடுவும் அமுது செய்விக்கப்படுகின்றன. எங்கும் உள்ளவன் ஒரு கிழவி வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டுமானால் அவனுக்கு ஒரு முகம், ஒரு பெயர், ஓர் ஊர் வேண்டும்.

தெய்வம் ஊரைவிட்டுப் போனபோது

விடை எவ்வளவு உறுதியானது என்பதை வரலாறு சோதித்தது. 1323இல் டில்லி சுல்தானகத்தின் உலூக் கானின் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. மூலவர் சன்னிதிக்கு முன் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரோடு ஒரு சிறு குழு ஊரைவிட்டு வெளியேறியது. அதை நடத்திச் சென்றவர் பிள்ளை லோகாசாரியர். முதுமையும் வழி அலைச்சலும் சேர, மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் காலமானார் என்பது மரபு. ஊரில் பன்னிரண்டாயிரம் பேர் மடிந்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது. வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகை என்ற உரைநூலின் சுவடியைக் காத்தபடி பிணங்களுக்கிடையே படுத்துக் கிடந்தாராம். உற்சவர் மேல்கோட்டை, திருமலை என்று பல இடங்களில் இருந்துவிட்டு, விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் 1371இல் திரும்பினார்.

இந்த 48 ஆண்டுகளில் ஸ்ரீரங்கம் எங்கே இருந்தது? மடுவில் இருந்த நீரைக் குடத்தில் மொண்டு சென்றுவிட்டார்கள். குடம் போன இடமெல்லாம் மடுவானது. ஆனால் திரும்பி வந்தபோது ஒரு குழப்பம். இடையில் வேறொரு உற்சவரை வைத்து வழிபடத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்தான் பழைய உற்சவரான அழகியமணவாளரா என்று கண்ணால் பார்த்து உறுதி சொல்ல ஊரில் வயதானவர் எவரும் மிஞ்சவில்லை. கண்பார்வை இழந்த ஒரு முதிய வண்ணார், தாம் முன்பு பெருமாளின் ஈரவாடைத் தீர்த்தம் வாங்கி அருந்தியவர் என்றும், தம்மால் சொல்ல முடியும் என்றும் சொன்னார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈரத்துணியைப் பிழிந்து கொடுத்தார்கள். கஸ்தூரி மணத்தை நாவில் உணர்ந்த அவர், வந்தவரே நம் பெருமாள் என்றார். நம்பெருமாள் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்தது என்கிறது கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு. சாத்திரம் வல்லவர்கள் நிறைந்த ஊரில் தெய்வத்தின் அடையாளத்துக்குச் சாட்சியானது துணி வெளுத்தவரின் நாக்கு. ஊரின் தெய்வத்தன்மை கல்லிலும் மதிலிலும் மட்டும் இல்லை, அன்றாடம் கைங்கரியம் செய்தவர்களின் நினைவிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்தப் படையெடுப்புக் காலத்தோடு பிணைத்துச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரின் சன்னிதியும் உள்ளே இருக்கிறது. பெருமாள்மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் அவள் என்பது கதை. அவள் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்யப்படுகிறது. பட்ட காயத்தை ஊர் ஓர் உறவுமுறையாக்கி வைத்துக்கொண்டது.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து அதே மதில்கள் பாசறையாயின. 1751இல், ஆற்காட்டு நவாப் பதவிப் போட்டியில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டையிலிருந்த முகமது அலியை முற்றுகையிட்டார்கள். மறுஆண்டு ஆங்கிலத் தளபதிகள் லாரன்ஸும் கிளைவும் வந்ததும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தீவுக்குப் பின்வாங்கி, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் கோயில்களுக்குள் படையை நிறுத்தினார். கிளைவ் சமயபுரத்தில் பாளையமிறங்கிப் புதுச்சேரி வழியை அடைத்தார். 1752 ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைப் படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். அப்போது உள்ளே இருந்த சுமார் ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள், மூன்றாம் மதிலைத் தாண்டி எவன் வந்தாலும் வெட்டுவோம் என்று வென்றவர்களையே எச்சரித்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஆங்கிலேயர் அதற்கு இணங்கினார்கள். அரண் என்ற கணக்கில் மதில் விழுந்துவிட்டது. எல்லை என்ற கணக்கில் நின்றது.

நீரோடு நடக்கும் உறவு

ஊரின் சமூக வாழ்க்கை ஆற்றை நடுவில் வைத்தே நடக்கிறது. திருமஞ்சனத் தீர்த்தம் ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்தில் வரும். ஐப்பசியில் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் யானைமேல் வரும். ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித்தாய்க்குப் புடவை, மஞ்சள், குங்குமம் சீராகக் கொடுப்பார். தைப்பூசத்தன்று சமயபுரத்து மாரியம்மன் கொள்ளிடக்கரைக்கு வருவாள். தங்கைக்கு அண்ணன் கொடுக்கும் சீராக அரங்கன் கோயிலிலிருந்து தட்டுகள் போகும். பங்குனியில் பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் கமலவல்லி நாச்சியாரைப் பார்க்கப் போவார். திரும்பி வந்தால் 'படிதாண்டாப் பத்தினி' ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்தி ஊடல் செய்வார். பின்னர் வரும் சேர்த்தியின்போதுதான் இராமானுசர் கத்யத்திரயம் என்ற துதியை விண்ணப்பித்தார் என்பர். மூலவர் ஓரிடத்தில் கிடக்கிறார், உற்சவர் நாலு கரைக்கும் நடக்கிறார். இறைவன் ஓரிடத்தானா எங்கும் உள்ளவனா என்ற கேள்விக்கு, இரண்டும்தான் என்று திருவிழா நாள்காட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறது.

மடுவுக்கு யார் வரலாம்

எளிதில் கிட்டுவதற்காகத்தான் ஊர் என்றால், யாருக்கு எளிது என்று கேட்டாக வேண்டும். பாணர் குலத்தில் உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் தீவில் கால் வைக்காமல் தென்கரையில் நின்றே பாடினார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்தார்; அந்தக் காயம் பெருமாள் நெற்றியில் தெரிந்தது; மறுநாள் லோகசாரங்கரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். மரபு இந்தக் கதையை மறைக்காமல் சொல்லி வந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஆழ்வாரின் குலத்தார்க்கும் அவர் போன்ற மற்றவர்க்கும் சட்டத்தின் துணையோடு கதவு திறக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது; சென்னை மாகாணத்தின் விரிவான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. 2006இல் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிறுவப்பட்டபோது சர்ச்சை எழுந்தது. இந்த ஊரைப் பற்றி அவர் வழியினர் கேட்கும் கேள்வியை வெளியார் கேள்வி என்று ஒதுக்க முடியாது. தாகத்தோடு வந்தவனைத் தடுத்த மடு எதற்கு என்பது, பிள்ளை லோகாசாரியரின் வாதத்துக்குள்ளிருந்தே எழும் கேள்வி.

இடம் மாற்ற முடியாதது என்ற எண்ணத்தையும் அதே வாதம் தளர்த்துகிறது. விருந்தாவனத்தில் 1851இல் முடிந்த ரங்ஜி கோயில் ஸ்ரீரங்கத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. பாரிஸில் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சேன் ஆற்றங்கரைப் புறநகர்களிலும் வாழும் ஈழத் தமிழரும் புதுச்சேரித் தமிழரும் ஆண்டுதோறும் அங்கே தேர் இழுத்து வீதியில் தேங்காய் உடைக்கிறார்கள். தாகம் உள்ள இடத்தில் மடுவும் வெட்டிக்கொள்ளலாம். அதனால் ஸ்ரீரங்கத்தின் பெருமை குறைவதில்லை. தண்ணீர் ஒன்றே என்று சொன்னது அந்த ஊர்தான்.

கடைசியாக ஒன்று, உவமைக்கு வெளியே இருக்கும் நிஜ ஆற்றைப் பற்றியது. காவிரி வறண்ட ஆண்டுகளில் அம்மா மண்டபத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் விட்டு, ஆடிப்பெருக்குக்கு வந்தவர்களை அதில் குளிக்க வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய மணற்கொள்ளையும் நகரக் கழிவும் படுகையைக் கெடுத்துவிட்டன. சீர் வாங்க வேண்டிய காவிரித்தாய்க்கே நீர் இல்லை.

எங்கும் உள்ளவனுக்கு ஊர் தேவையில்லை, மனிதருக்குத் தேவை. அந்தத் தேவையே இந்த ஊருக்கு நியாயம். ஆகவே வருகிறவர் எவரையும் தடுக்காமல் இருப்பதும், ஆற்றை ஆறாக விட்டுவைப்பதும் ஸ்ரீரங்கத்துக்குப் பூசைக்குச் சமமான கடமைகள். அவற்றில் தவறினால், ஊர் தன் தத்துவத்துக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.